பழைய லேப்டாப்புக்குப் புது எஸ்எஸ்டி, கூடுதல் ரேம்: நாமே மாற்றுவது எப்படி?

அக்காவின் லேப்டாப்பில் பவர் பட்டனை அழுத்திவிட்டுப் போய், காபி கலந்து குடித்துவிட்டு வரலாம். அப்போதும் வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். 2018இல் வாங்கியது. அக்கா பள்ளி ஆசிரியை. கேள்வித்தாள் அடிப்பது, மதிப்பெண் பட்டியல் போடுவது, எப்போதாவது வீடியோ பார்ப்பது, அவ்வளவுதான் அதில் வேலை. "இதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடலாமாடா?" என்றாள்.

பார்த்தேன். உள்ளே இருந்தது இன்டெல் ஐ5-8250யு பிராசசர்: நான்கு கோர், எட்டு த்ரெட். அக்காவின் வேலைக்கு இன்றைக்கும் அது தாராளம். கோளாறு வேறு இரண்டு இடங்களில் இருந்தது. ரேம், அதாவது வேலை நடக்கும்போது தகவலை வைத்துக்கொள்ளும் தற்காலிக நினைவகம், வெறும் 4 ஜிபி. டிஸ்க், நிமிடத்துக்கு 5400 முறை சுற்றும் பழைய வகை ஹார்ட் டிஸ்க். இரண்டையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் வைத்தே சரி செய்தோம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கும் வேலை அரை மணி நேரம்கூட இல்லை. எந்தப் பொருள் பொருந்தும் என்று கண்டுபிடித்து வாங்குவதுதான் பெரிய வேலை. அதனால் கட்டுரையிலும் பாதி இடம் அதற்கே போகும்.

எஸ்எஸ்டியா, ரேமா?

ஹார்ட் டிஸ்க்கில் ஒரு கோப்பை எடுக்க வேண்டுமென்றால் தட்டு சுற்ற வேண்டும், படிக்கும் முனை அந்த இடத்துக்கு நகர வேண்டும். ஒவ்வொரு தடவையும் பத்துப் பதினைந்து மில்லிசெகண்ட் போய்விடும். ஒரு பெரிய சினிமாக் கோப்பை வரிசையாகப் படிக்கும்போது இது தெரியாது. விண்டோஸ் எழுந்து வரும்போதோ ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளை அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுக்கிறது. அங்கேதான் மாட்டிக்கொள்கிறோம். எஸ்எஸ்டி சிப்பிலேயே சேமிக்கும் டிஸ்க், அதில் சுற்றவும் நகரவும் எதுவும் இல்லை. ஒரு மில்லிசெகண்டில் பத்தில் ஒரு பங்குக்குள் பதில் வந்துவிடும்.

ரேம் குறைவாக இருந்தால் விண்டோஸ் டிஸ்க்கையே ரேம் போலப் பயன்படுத்தத் தொடங்கும். 4 ஜிபி ரேமும் ஹார்ட் டிஸ்க்கும் ஒன்றாகச் சேர்ந்தால் ஏன் உயிர் போகிறது என்பது இப்போது புரியும். கையில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறதா? யோசிக்காமல் எஸ்எஸ்டியை வாங்குங்கள். ரேம் அடுத்த மாதம் வரட்டும். ஏற்கெனவே எஸ்எஸ்டி இருந்து, பிரவுசரில் பத்து டேப் திறந்ததும் திணறுகிறது என்றால் மட்டும் ரேம் முதலில்.

பிராசசரையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் விண்டோஸ் 11க்கு முறையான அனுமதி. அக்காவின் ஐ5-8250யு எட்டாம் தலைமுறை, அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்ததால்தான் செலவு செய்யத் துணிந்தேன். அதற்கும் பழையது என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடலாம். தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு விலையில்லாமல் கொடுத்த லேப்டாப்கள் பல வீடுகளில் பரணில் கிடக்கின்றன. அவற்றில் பலவற்றை எஸ்எஸ்டியும் லினக்ஸும் போட்டு எழுப்பிவிடலாம்.

உங்கள் லேப்டாப் எதை ஏற்கும்?

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ், அதற்குள் மெமரி. வலது கீழ்ப்பக்கம் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: ரேமின் வேகம், மொத்தம் எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது, ஃபார்ம் ஃபேக்டர் என்ன. ஃபார்ம் ஃபேக்டருக்கு எதிரே 'எஸ்ஓடிஐஎம்எம்' என்று இருந்தால் கழற்றி மாட்டும் ரேம், நிம்மதி. 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்தால் மதர்போர்டிலேயே பற்றவைத்த ரேம், கழற்ற வராது. மெலிந்த லேப்டாப்களில் பெரும்பாலும் இந்தக் கதைதான். ஆப்பிளில் 2020இல் எம்1 சிப் வந்தபிறகு எந்த மேக்புக்கிலும் ரேமைக் கூட்ட முடியாது. வாங்கும்போது எவ்வளவோ, கடைசிவரை அவ்வளவுதான்.

டாஸ்க் மேனேஜர் சொல்லும் ஸ்லாட் கணக்கு சில நேரம் தப்பாக இருக்கும். அதனால் அடிப்பக்க ஸ்டிக்கரில் உள்ள முழு மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலைத் தேடுங்கள். டெல், ஹெச்பி, லெனோவா மூன்றும் பெரும்பாலான மாடல்களுக்குப் படத்தோடு வெளியிடுகின்றன. எந்த ஸ்க்ரூ எங்கே, எவ்வளவு ரேம் வரை தாங்கும், எந்த வகை எஸ்எஸ்டி ஏறும் எல்லாம் அதில் இருக்கும். யூடியூப் வீடியோ பார்ப்பதானால் அதே மாடல் எண்ணுக்கான வீடியோவைப் பாருங்கள். ஒரே பெயரில் வரும் இரண்டு வருடத்து மாடல்களுக்கு உள்ளே சம்பந்தமே இருக்காது.

ரேமில் டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 என்று தலைமுறைகள். அடியில் உள்ள வெட்டு ஒவ்வொன்றிலும் வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது நுழையாது. அழுத்தினால் உடையும். டிடிஆர்3இல் மட்டும் ஒரு சிக்கல்: சாதாரண டிடிஆர்3 1.5 வோல்ட், டிடிஆர்3எல் 1.35 வோல்ட். இரண்டும் ஒரே வடிவம், அழகாக உள்ளே போய் உட்காரும். ஆனால் 'எல்' கேட்கும் லேப்டாப் சாதாரண டிடிஆர்3ஐப் போட்டால் எழுந்திருக்காது. 2013, 2014 வாக்கில் வாங்கிய லேப்டாப் என்றால் அந்த ஓர் எழுத்தைக் கவனியுங்கள்.

வேகத்தைப் பற்றி ரொம்பக் கவலை வேண்டாம். ஐ5-8250யு அதிகபட்சம் 2400 வேக டிடிஆர்4ஐத்தான் ஏற்கும். கடையில் கிடைப்பதோ பெரும்பாலும் 3200. பரவாயில்லை, அது தானாகவே 2400க்கு இறங்கி ஓடும். அக்காவின் லேப்டாப்பில் இரண்டு ஸ்லாட். ஒன்றில் 4 ஜிபி, மற்றது காலி. காலி இடத்தில் 8 ஜிபி போட்டு மொத்தம் 12 ஆக்கினோம். இரண்டும் ஒரே அளவாக இருந்தால் முழுக்க இரட்டைச் சேனலில், அதாவது இரண்டு ரேமும் ஒரே நேரத்தில் வேலை செய்யும்படி ஓடும், கேம் ஆடுபவர்களுக்கு அது நல்லது. கேள்வித்தாள் அடிக்க 4 + 8 போதும்.

எஸ்எஸ்டியில்தான் நான் ஒரு தடவை சூடு வாங்கினேன். இரண்டு உருவம் உண்டு. ஒன்று ஹார்ட் டிஸ்க் போலவே இரண்டரை அங்குலப் பெட்டி, சாட்டா வகை. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிய இடத்தில் அப்படியே உட்காரும். மற்றது சூயிங்கம் பட்டை போன்ற எம்.2. பொதுவான அளவு 2280, அதாவது 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். 2242, 2230 என்று குட்டைகளும் உண்டு. ஆனால் எம்.2 என்பது உருவத்தின் பெயர்தான். அதற்குள்ளேயே சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு பாஷை இருக்கிறது. என் பழைய லேப்டாப்பில் எம்.2 ஸ்லாட்டைப் பார்த்த சந்தோஷத்தில் என்விஎம்இ வாங்கி வந்து மாட்டினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்பே வரும் லேப்டாப்பின் அடிப்படை அமைப்புத் திரையில், அப்படி ஒன்று இருப்பதாகவே காட்டவில்லை. அந்த ஸ்லாட்டுக்குச் சாட்டா மட்டும்தான் தெரியும் என்று மேனுவலில் தெளிவாகப் போட்டிருந்தது. படிக்காதது என் தப்பு.

வேகம்? சாட்டா எஸ்எஸ்டி விநாடிக்கு சுமார் 550 எம்பி வரை. என்விஎம்இ, மூன்றாம் தலைமுறை பிசிஐஇ ஸ்லாட்டில் 3500 எம்பி வரை. காகிதத்தில் ஆறு மடங்கு. வேர்டும் பிரவுசரும் திறப்பவருக்கு இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. சாட்டா மட்டும்தான் ஏறும் என்று தெரிந்தால் மனம் உடைய வேண்டாம்.

வாங்கும்போது

சென்னையில் இருப்பவர்களுக்குக் கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட். ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், வாரநாளில் போங்கள். பழைய ரேமின் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு காட்டினால் பேச்சு மிச்சம். ஜிஎஸ்டி பில் கேட்டு வாங்குங்கள். எஸ்எஸ்டிக்கு மூன்று முதல் ஐந்து வருட வாரன்டி இருக்கும், பில் இல்லாவிட்டால் அது காகிதத்தில் மட்டும்தான்.

ரேமைச் செகண்ட் ஹேண்டில் வாங்கலாம் என்பது என் கட்சி. அது தேய்கிற பொருள் இல்லை. வேலை செய்தால் செய்யும், இல்லாவிட்டால் முதல் நாளே தெரிந்துவிடும். 2025 கடைசியில் ரேம் விலை எகிறத் தொடங்கியபிறகு இது இன்னும் பொருத்தம். எஸ்எஸ்டியைச் செகண்ட் ஹேண்டில் வாங்காதீர்கள். எழுத எழுத அதன் ஆயுள் குறையும். உங்களுக்கு முன்னால் எவ்வளவு எழுதினார்களோ யாருக்குத் தெரியும்? அப்புறம், ஆன்லைனில் 2 டிபி எஸ்எஸ்டி ஆயிரம் ரூபாய் என்று வந்தால் தொடவே தொடாதீர்கள். உள்ளே ஒரு சின்ன மெமரி கார்டு இருக்கும், 2 டிபி என்று பொய் சொல்லும். நிரம்பியதும் பழைய கோப்புகள் மேலேயே எழுதி எல்லாவற்றையும் நாசமாக்கும்.

அளவு? சாதாரண வீட்டு வேலைக்கு 500 ஜிபி போதும். கூடவே இரண்டு விஷயம்: பிஹெச்0 முனை உள்ள சின்ன ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் ஒன்று, எம்.2 வாங்கினால் அதைப் பிடித்து நிறுத்தும் குட்டி ஸ்க்ரூ ஒன்று. காலியாக வந்த ஸ்லாட்டில் இந்த ஸ்க்ரூ பல நேரம் இருக்காது. வீட்டுக்கு வந்து டேப் ஒட்டிச் சமாளிக்க வேண்டியிருக்கும். சூட்டில் டேப் பிரிந்துவிடும்.

கழற்றுவதற்கு முந்தைய நாள்

முக்கியமான கோப்புகளை வெளியே எடுத்து வையுங்கள். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ஹார்ட் டிஸ்க்கின் உடல்நிலையையும் பார்த்துவிடுங்கள். மஞ்சள் நிறத்தில் எச்சரித்தால், முதலில் காப்பி, மற்றதெல்லாம் பிறகு.

தமிழில் தட்டச்சு செய்பவர்கள் வீட்டில் எல்லோரும் மறக்கும் ஒன்று இருக்கிறது: எழுத்துரு. அக்காவின் பத்து வருடக் கேள்வித்தாள்கள் பாமினியில் இருந்தன. யூனிகோடு இல்லாத பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களைப் புது விண்டோஸில் போடாவிட்டால் கோப்பு முழுக்க ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டிக் கிடக்கும். ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து அவற்றைப் பென் டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். என்எச்எம் ரைட்டர் மாதிரி எதில் தட்டச்சு செய்கிறீர்கள் என்பதையும் குறித்து வையுங்கள்.

டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் ஓடுகிறதா என்று செட்டிங்ஸில் பாருங்கள். ஓடினால் மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ள ரெகவரி கீயைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 48 இலக்கம், சோம்பேறித்தனம் வேண்டாம். அந்த எண் இல்லாமல் அந்த டிஸ்க்கைப் பிறகு யாராலும் திறக்க முடியாது.

பழைய விண்டோஸை அப்படியே எஸ்எஸ்டிக்கு நகலெடுப்பதா, புதிதாகப் போடுவதா? நகலெடுக்க குளோன்சில்லா இலவசம். சில எஸ்எஸ்டி நிறுவனங்களும் தங்கள் மென்பொருளைத் தருகின்றன. ஏழு வருடக் குப்பையையும் சேர்த்து நகலெடுக்க எனக்கு மனமில்லை. புதிதாகப் போடுவதையே சொல்வேன். கூடவே வந்த விண்டோஸின் உரிமம் மதர்போர்டோடு கட்டப்பட்டது, டிஸ்க் மாறினாலும் தானே ஆக்டிவேட் ஆகும். 8 ஜிபியோ அதற்கு மேலோ உள்ள ஒரு பென் டிரைவில், மைக்ரோசாஃப்ட் தளத்தில் கிடைக்கும் மீடியா கிரியேஷன் டூலை வைத்து விண்டோஸ் 11ஐ ஏற்றிக்கொள்ளுங்கள்.

திறப்பது

ஸ்டார்ட் மெனுவில் ஷட் டவுனை அழுத்தும்போது ஷிஃப்ட் கீயைப் பிடித்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் விண்டோஸ் முழுதாக அணையும், இல்லாவிட்டால் அரைத்தூக்கம்தான். சார்ஜரைப் பிடுங்குங்கள். மேசையில் ஒரு பருத்தித் துண்டை விரித்து லேப்டாப்பைக் கவிழ்த்து வையுங்கள். அடிப்பக்கம் உப்பியிருக்கிறதா, டச்பேட் மேலே தூக்கியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் பேட்டரி வீங்கியிருக்கிறது. வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு அதை முதலில் மாற்றக் கொடுங்கள். வீங்கிய பேட்டரியில் நெம்புகோல் பட்டால் தீப்பிடிக்கும்.

ஸ்க்ரூக்கள் ஒரே நீளத்தில் இருக்காது. நீளமானதைக் குட்டையான இடத்தில் முறுக்கினால் மேல்பக்கம் வீங்கும், சில நேரம் துளைத்துக்கொண்டே வரும். நாங்கள் ஓர் இட்லித் தட்டை எடுத்து, ஒவ்வொரு குழிக்கும் ஒரு பக்கம் என்று போட்டு வைத்தோம். அட்டையில் லேப்டாப்பின் வடிவத்தை வரைந்து அந்தந்த இடத்தில் குத்தி வைப்பது இன்னும் நல்லது. எல்லாவற்றையும் கழற்றியும் மூடி அசையவில்லை என்றால் இன்னும் ஸ்க்ரூ இருக்கிறது: ரப்பர் காலுக்கு அடியில், ஸ்டிக்கருக்குப் பின்னால், டிவிடி டிரைவை வெளியே இழுத்தால் அந்த இடுக்கில். அக்காவின் லேப்டாப்பில் கடைசி இரண்டும் அங்கேதான் ஒளிந்திருந்தன.

மூடியை நெம்ப, காலாவதியான ஏடிஎம் கார்டு போதும். ஓர் ஓரத்தில் நுழைத்து மெல்ல நகர்த்திக்கொண்டே போனால் டக் டக் என்று கிளிப்புகள் விடும். அந்தச் சத்தம் முதல் தடவை வயிற்றைக் கலக்கும். உடைவது இல்லை, விடுவதுதான். கத்தியோ இரும்பு ஸ்க்ரூ டிரைவரோ வேண்டாம்.

திறந்ததும் முதல் வேலை பேட்டரி இணைப்பைப் பிடுங்குவது. பட்டையான கனெக்டரை நகத்தால் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் தள்ளி எடுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். பிறகு பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் மிச்சமிருக்கும் மின்சாரமும் போய்விடும். உடம்பில் நிலைமின்சாரம் இருந்தால் ரேம் கெட்டுப்போகலாம். சென்னைப் புழுக்கத்தில் அது குறைவு. ஏசி அறையில், நைலான் உடையில் அதிகம். எர்த் உள்ள மூன்று முள் பிளக்கோடு ஓடும் பொருளின் வெற்று உலோகத்தைத் தொட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

மாட்டுவது

ரேம் ஸ்லாட்டில் இரண்டு பக்கமும் சின்னக் கிளிப்புகள் இருக்கும். ஏற்கெனவே உள்ளதை எடுக்க, இரண்டையும் வெளிப்பக்கம் விரித்தால் ரேம் தானே சரிவாக எழும்பும். புதியதை ஓரத்தில் பிடித்து, தங்க நிறப் பற்களைத் தொடாமல், வெட்டு பொருந்துகிறதா என்று பார்த்து, முப்பது டிகிரி சரிவில் நுழைத்துவிடுங்கள். பற்கள் கிட்டத்தட்ட மறையும்வரை உள்ளே போக வேண்டும். அதன்பிறகு கீழ்நோக்கி அழுத்தினால் கிளிப் மூடிக்கொள்ளும். முதல் தடவை செய்பவர்கள் பாதி நுழைத்ததும் பயந்து விட்டுவிடுவார்கள். லேப்டாப் ஆன் ஆகாததற்குப் பாதிக் காரணம் அதுதான்.

எம்.2வும் அதே மாதிரி: சரிவாக நுழைத்து, அமுக்கிப் பிடித்து, மறுமுனையில் ஸ்க்ரூ. விரல் இறுக்கம் போதும். இரண்டரை அங்குலம் என்றால் பழைய ஹார்ட் டிஸ்க்கை அதன் தகரச் சட்டத்தோடு எடுத்து, சட்டத்தைக் கழற்றி எஸ்எஸ்டிக்கு மாட்டுங்கள். சில மாடல்களில் மெல்லிய பட்டைக் கேபிள் வரும். அதன் பூட்டை நகத்தால் தூக்கிவிட்டுத்தான் கேபிளை எடுக்க வேண்டும்.

நாங்கள் எம்.2வில் புது எஸ்எஸ்டியைப் போட்டுவிட்டு, பழைய ஹார்ட் டிஸ்க்கையும் உள்ளேயே விடுவதாக முடிவு செய்தோம். ஆனால் விண்டோஸ் போட்டு முடியும்வரை ஹார்ட் டிஸ்க்கின் கேபிளைப் பிடுங்கியே வைத்திருந்தேன். காரணம் இருக்கிறது. இரண்டு டிஸ்க்கும் மாட்டியிருந்தால், விண்டோஸ் எஸ்எஸ்டியில் உட்கார்ந்தாலும் அதை எழுப்பும் கோப்புகளைச் சில நேரம் பழைய டிஸ்க்கில் இருக்கும் பகுதியிலேயே எழுதிவிடும். ஒரு வருடம் கழித்து அந்த ஹார்ட் டிஸ்க் செத்தால் நல்ல எஸ்எஸ்டியும் சேர்ந்து படுத்துக்கொள்ளும்.

பேட்டரியை இணைத்து, மூடியை இரண்டு ஸ்க்ரூவில் மட்டும் நிறுத்தி ஆன் செய்து பாருங்கள். ரேம் மாற்றியபின் முதல் தடவை திரை கொஞ்ச நேரம் கறுப்பாகவே இருக்கலாம். டிடிஆர்5 என்றால் ஒரு நிமிடத்துக்கு மேலும் ஆகும். பதறி அணைக்காதீர்கள். ரொம்ப நேரமாகியும் வரவில்லை, அல்லது பீப் சத்தம் மட்டும் வருகிறது என்றால், பேட்டரியைப் பிடுங்கிவிட்டு ரேமைக் கழற்றி இன்னொரு தடவை அழுத்தமாக மாட்டுங்கள். பழைய ரேம் என்றால் பற்களைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளை ஊதிவிட்டுப் போடலாம். கடைக்காரர்கள் முதலில் செய்வதும் இதைத்தான்.

எழுந்ததும் எஃப்2 அல்லது உங்கள் மாடலுக்கு உரிய கீயை அழுத்திப் பயாஸுக்குள் போய், ரேம் அளவும் எஸ்எஸ்டி பெயரும் தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு பென் டிரைவிலிருந்து விண்டோஸ். எந்த டிஸ்க்கும் இல்லை என்று இன்ஸ்டாலர் சொன்னால், இன்டெல் பதினோராம் தலைமுறையிலும் அதற்குப் பிந்தைய லேப்டாப்களிலும் பெரும்பாலும் விஎம்டி என்ற அமைப்புதான் காரணம். தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் இன்டெல் ராபிட் ஸ்டோரேஜ் டிரைவரை எடுத்து, பென் டிரைவில் வைத்து, 'லோட் டிரைவர்' மூலம் காட்டினால் டிஸ்க் தெரியும். விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி இல்லை என்று மறுத்தால், பயாஸில் இன்டெல் அதற்கு வைத்திருக்கும் பிடிடி அணைந்திருக்கும், ஆன் செய்யுங்கள்.

எல்லாம் முடிந்ததும் விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் என்று தேடி ஒரு தடவை ஓடவிடுங்கள். செகண்ட் ஹேண்ட் ரேம் என்றால் கட்டாயம். அதுவும் சரியென்றால் மறுபடி அணைத்து, மூடியைத் திறந்து, பேட்டரி இணைப்பைப் பிடுங்கி, ஹார்ட் டிஸ்க்கின் கேபிளை மாட்டி, மூடி, மிச்ச ஸ்க்ரூக்களை முறுக்கலாம்.

அக்காவின் லேப்டாப் இப்போது இருபது விநாடிக்குள் பாஸ்வேர்டு கேட்கிறது. பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்த எதையும் ஒரு மாதத்துக்கு அழிக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். மூன்றாவது வாரம் போன் வந்தது: டெஸ்க்டாப்பிலேயே சேமித்து வைத்திருந்த அரையாண்டுக் கேள்வித்தாளைக் காணோமாம். பழைய டிஸ்க்கில், யூசர்ஸ் ஃபோல்டருக்குள் போய் டெஸ்க்டாப்பில் பார்க்கச் சொன்னேன். இருந்தது, பாமினியில்.